வண்டிக்குள் ஓர் இரவு: கூதலும் காப்பும்



யாழ்ப்பாணத்தவராகிய நமக்குக் கூதலைப்பற்றி ஒருவர் பேச வருகிறார் என்றால் சிரிப்பு வருவது இயல்பே. மார்கழியில் திருவெம்பாவைப் பூசைக்காக விடியற்புறத்திற் கிணற்றடிக்குப் போகையில் உடல் சற்றே சிலிர்க்கும். வாடைக்காற்று வீசும் நாட்களில் முதியோர் காதைச் சுற்றித் துவாயைக் கட்டிக்கொள்வர். அவ்வளவே நாம் அறிந்த கூதல். நம் வீட்டு அலுமாரிகளிற் கம்பளி உடை இருப்பது அரிது. வெயிலுக்கும் வரட்சிக்கும் அஞ்சி வளர்ந்தவர்கள் நாம்.

இக்காரணத்தினாலேயே இப்பொருளை இன்று பேச எடுத்துக்கொண்டேன். கூதலிலே பிறந்து வளர்ந்தவன் அதற்கு அஞ்சுவான், ஆயத்தமும் செய்வான். பழகாதவனோ சாரமும் மெல்லிய சேட்டுமாகப் புறப்பட்டு, நள்ளிரவில் நடுங்கி, அந்நடுக்கத்தில் மதி மயங்கி, செய்யத்தகாத ஒன்றைச் செய்துவிடுவான். அவ்வாறு செய்யத்தகாததைச் செய்தவர்களில் நானும் ஒருவன். அதனைப் பின்னர் சொல்வேன்.

போர்க்காலத்தில் மூடிக்கிடந்த ஏ 9 வீதி 2009ஆம் ஆண்டில் மீண்டும் திறந்த பின்னர், நம்மவர் மலைநாட்டுக்குப் போய்வருவது பெருகியிருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிவரை ஏறத்தாழ 320 கிலோமீற்றர். அங்கிருந்து மேலே நுவரெலியா. பாடசாலைச் சுற்றுலாவாகவும், குடும்பத்தோடு வான் பிடித்தும் செல்கின்றனர். மார்கழிப் பூரணையில் தொடங்கி வைகாசிப் பூரணைவரை நீளும் யாத்திரைக் காலத்திற் சிவனொளிபாதமலைக்குச் செல்வோரும் பலர். விடுமுறைக் காலங்களில் தங்குமிடம் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் வாடகை கைக்கு எட்டாது. ஆதலின் வானிலோ பஸ்வண்டியிலோ படுத்து இரவைக் கழிப்பது இன்று பலரும் செய்யும் காரியமாகிவிட்டது. அதிற் குற்றமில்லை. முறை அறிந்து செய்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில், அங்கே எவ்வளவு கூதல் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கடல்மட்டத்திலிருந்து மேலே செல்லச் செல்ல, ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் வீதம் வளியின் வெப்பம் குறைகிறது. நமது குடாநாடோ கடலோடு கடலாகக் கிடக்கும் சமநிலம். நுவரெலியா நகரின் உயரம் 1,868 மீற்றர். எனவே, இங்கே இரவில் 23 பாகை என்றால், அங்கே ஏறத்தாழ 11 பாகை. இது சராசரிக் கணக்கு மட்டுமே. தை, மாசி மாதங்களில் வானம் மேகமின்றித் தெளிந்திருக்கும் இரவுகளில், நிலம் தன் வெப்பத்தையெல்லாம் வானத்தை நோக்கி வீசிவிடும். விடியற்புறத்திற் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். ஹோர்ட்டன் சமவெளி 2,000 மீற்றருக்கும் மேற்பட்டது. சிவனொளிபாதமலையின் உச்சி 2,243 மீற்றர். ஒரு பகற்பொழுதுப் பயணத்தில் நாம் கோடையை விட்டு வேறொரு நாட்டின் குளிர்காலத்துட் புகுந்துவிடுகிறோம். உடலுக்கு அதனைப் பழகிக்கொள்ள நேரமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி விடுமுறையில், 38 மாணவரையும் ஆசிரியர் ஐவரையும் அழைத்துக்கொண்டு மலைநாட்டுக்குச் சென்றேன். வழியில் மழை; வண்டியில் ஒரு சிறு பழுது. இரவு பத்து மணிக்கு மேல் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, ஒழுங்கு செய்திருந்த இடம் வேறொரு கூட்டத்தாருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அந்நேரத்தில் வேறிடம் தேட வழியில்லை. தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஓரமாகப் பஸ்வண்டியை நிறுத்தி, யன்னல்களை எல்லாம் இறுக மூடிவிட்டுப் படுத்தோம். ஒரு மணி நேரம் செல்லுமுன் பிள்ளைகள் நடுங்கத் தொடங்கினர். மழையில் நனைந்த உடையோடு இருந்த மாணவி ஒருத்திக்கு வாய்பேச இயலாதவாறு பல் கிட்டியது. மூடிய வண்டிக்குள்ளே ஏன் இவ்வளவு கூதல் என்பது எனக்கு அப்பொழுது விளங்கவில்லை. கலைப்பட்டதாரியாகிய நான் பௌதிகத்தை அதன் பின்னரே நூல்களைத் தேடிப் படித்தேன்.

மனித உடல் ஓர் அடுப்பு. உண்ட உணவே அதன் விறகு. துயிலும்போதும் அது ஏறத்தாழ 70 முதல் 80 வாற்று அளவான வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டிருக்கிறது. உள்ளுடலின் வெப்பம் 37 பாகை அளவில் நிற்றல் வேண்டும். 35 பாகைக்குக் கீழே இறங்கினால் உயிருக்கு ஆபத்து. போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடல் உண்டாக்கும் வெப்பம் தப்பியோடாமற் காப்பதே அதன் வேலை. அவ்வெப்பம் தப்பும் வழிகளை அறிந்தால், அடைக்கும் வழியும் தெரிந்துவிடும்.

முதலாவது வழி, கடத்தல். குளிர்ந்த பொருளோடு உடல் ஒட்டியிருந்தால் வெப்பம் அப்பொருளுக்குச் செல்லும். வண்டியின் தகடும் கண்ணாடியும் இவ்வாறு வெப்பத்தை உறிஞ்சுவன. யன்னற் கண்ணாடியிற் சாய்ந்து உறங்குபவரின் தோள் விறைத்துப்போவது இதனாலேயே. இரண்டாவது, மேற்காவுகை. உடலை அடுத்துள்ள காற்று சூடாகி மேலெழ, அவ்விடத்திற் குளிர்ந்த காற்று வந்து நிரம்புகிறது. மூன்றாவது, கதிர்வீசல். உடல் தன்னைச் சூழ்ந்த குளிர்ந்த தகட்டை நோக்கி வெப்பத்தை வீசிக்கொண்டேயிருக்கிறது. நான்காவது, ஈரம் ஆவியாதல். நான்கிலும் நாம் மிகக் குறைவாக மதிப்பது இதனையே. நீரானது காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. நனைந்த சட்டையை அணிந்திருப்பவர், போர்த்தியும் போர்த்தாதவரே.

ஈரமும் காற்றும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் வடமாகாணமே சாட்சி. 2022ஆம் ஆண்டு மார்கழியில் மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவிற் கடந்துசென்றபோது, இரண்டொரு நாட்கள் மழையும் குளிர்காற்றும் விடாது வீசின. வடக்கிலும் கிழக்கிலும் வெட்டவெளியில் நின்ற மாடுகளும் ஆடுகளும் ஆயிரத்துக்கு மேல் மடிந்தன. வெப்பநிலை உறைநிலைக்கு அருகிற்கூடச் செல்லவில்லை. நனைந்த உடல்மீது ஓயாது வீசிய காற்றே அவற்றின் வெப்பத்தைப் பறித்துவிட்டது. பனி பெய்தாற்றான் குளிரால் உயிர் போகும் என்று எண்ணுதல் தவறு என்பதை அம்மாடுகள் நமக்குக் கற்பித்துச் சென்றன.

ஆதலின், வண்டியில் உறங்க நேர்ந்தவர் முதலிற் செய்யவேண்டியது ஈர உடையைக் களைதல். சிவனொளிபாதமலையில் ஏறி இறங்குவோருக்கு இது மிக முக்கியம். ஏறும்போது வியர்வையில் உடை நனைந்துவிடும். உச்சியிற் காற்று வீசும். இறங்கிவந்து அதே உடையோடு வானிற் சாய்ந்துவிடுவர். உள்ளுடையும் காலுறையும் அடங்கலாக உலர்ந்த மாற்றுடை ஒன்றை இறப்பர் உறையிலோ பொலித்தீன் பையிலோ பொதிந்து, படுக்கைக்கென்று தனியாக வைத்திருத்தல் வேண்டும். ஒரு தடித்த உடையைவிட மெல்லிய உடைகள் மூன்றினை ஒன்றன்மேலொன்றாக அணிதல் நன்று. அவற்றிடையே அகப்பட்டு அசையாது நிற்கும் காற்றே நமக்கு அரண். தலையையும் காதையும் கழுத்தையும் துணியாற் சுற்றிக்கொள்ளல் வேண்டும். உடை உடலை இறுக்கவும் கூடாது. இறுக்கினால் இரத்தவோட்டம் தடைப்படும், காற்றுக்கும் இடமிராது.

இரண்டாவது, மேலே போர்ப்பதற்கு முன் கீழே விரித்தல். இதனை நம் பாட்டன்மார் நன்கு அறிந்திருந்தனர். வல்லிபுரத்துக்கும் சந்நிதிக்கும் வற்றாப்பளைக்கும் கூடாரவண்டி கட்டிப் பயணம் செய்த காலத்தில், வண்டித் தட்டிலே முழங்கையளவு வைக்கோலைப் பரப்பி, அதன்மேற் சாக்கை விரித்து, அதன்மேற் பனையோலைப் பாயைப் போட்டுப் படுப்பர். குலுங்காமல் இருப்பதற்கு மட்டும் அன்று அது. வைக்கோற்றாளின் குழலுக்குள் அடைபட்ட காற்றுக் கீழிருந்து வரும் குளிரைத் தடுத்தது. போர்வையை உடலுக்குக் கீழே விரித்தால், உடலின் பாரத்தால் அது நசுங்கி, காற்றை இழந்து, பயனற்றதாகிவிடும். வான் ஆசனத்தின்மேலும் தட்டின்மேலும் நசுங்காத பொருளையே விரித்தல் வேண்டும். இன்று வைக்கோலைத் தேடவேண்டியதில்லை. கடையில் வீசியெறியும் கடதாசி மட்டைப் பெட்டிகளை இரண்டு மூன்று மடிப்பாக விரித்து, அதன்மேற் பாயைப் போட்டாற் போதும். அம்மட்டைகளையே யன்னற் கண்ணாடியின் அளவுக்கு வெட்டி உட்புறமாகச் சாத்தினால், கண்ணாடிவழி வெப்பம் போவதும் பெரிதும் குறையும்.

மூன்றாவது, உடல் என்னும் அடுப்புக்கு விறகு இடல். வெறும் வயிற்றோடு படுப்பவருக்கு விடியற்புறத்திற் கூதல் மிகும். எள்ளுருண்டை, பொரிவிளாங்காய், பனங்கட்டி, நிலக்கடலை ஆகிய நம்மூர்ப் பண்டங்கள் இதற்கு மிகப் பொருத்தமானவை. பொரிவிளாங்காய் பல நாள் கெடாது. பையிற் கிடந்தாலும் உடையாது. சுக்கும் மல்லியும் போட்ட கோப்பியைச் சுடுநீர்க் குடுவையில் எடுத்துச் செல்லலாம். வெந்நீரைப் போத்தலில் இறுக மூடி, துணியிற் சுற்றி, கால்மாட்டிலோ மடியிலோ வைத்துக்கொண்டால் இரவின் முற்பகுதி இதமாகக் கழியும். வெந்நீரைத் தாங்கும் போத்தலாக அது இருத்தல் வேண்டும்.

மதுபானம் உடலைச் சூடாக்கும் என்பது நம் இளைஞரிடையே வேரூன்றிவிட்ட பொய். மது தோலின் இரத்தக்குழாய்களை விரிக்கிறது. உள்ளே இருந்த சூட்டிரத்தம் தோலுக்கு வருவதால் ஒரு கணம் வெம்மை தோன்றும். அவ்வெம்மை உடலை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கும் வெப்பமேயாகும். குடித்தவர் தாம் குளிர்ந்துபோவதையும் உணரார்.

நான்காவது, காற்று. இங்கேதான் மிகப் பலர் தவறுகின்றனர். கூதலுக்கு அஞ்சி யன்னல்களை ஒரு நூலிழையும் இடைவெளியின்றி மூடிவிடுகின்றனர். ஓர் இரவில் ஒருவர் மூச்சாலும் தோலாலும் ஏறத்தாழ ஒரு தேநீர்க் கோப்பை அளவு நீரை வெளிவிடுகிறார். பத்துப்பேர் உறங்கும் வானிற் பத்துக் கோப்பை நீர். அது குளிர்ந்த கண்ணாடியிலும் தகட்டிலும் பட்டுத் துளியாகி, போர்வைமேல் வடிந்து, விடியற்புறத்தில் யாவற்றையும் ஈரமாக்கிவிடும். ஈரம் செய்வதை முன்னரே கண்டோம். ஆகவே, காற்று நேரே வந்து தாக்காத பக்கத்தில் ஒரு யன்னலையும், அதற்கு எதிர்ப்பக்கத்தில் மற்றொன்றையும் விரலளவு திறந்துவைத்தல் வேண்டும். அவ்வழியாக உட்புகும் சிறு கூதலை மற்றொரு போர்வையாற் சமாளிக்கலாம்.

இனி, நான் செய்த தவறுக்கு வருகிறேன்.

நடுங்கும் பிள்ளைகளைக் கண்டு பொறுக்கமாட்டாமல், அருகிலிருந்த தேநீர்க்கடைக்காரரை எழுப்பி, ஒரு பழைய தகரச்சட்டியிற் சிரட்டைக் கரித்தணல் வாங்கி வந்தோம். புகை சற்றும் இல்லை. சிவந்து அழகாகக் கனன்றது. அதனை வண்டியின் நடுவழியில் வைத்தோம். கதவை மூடினோம். வெம்மை பரவியது, பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக அடங்கி உறங்கினர். நானும் நல்ல காரியம் செய்தேன் என்ற நிறைவோடு கண்ணை மூடினேன். மாணவர் இருவர் தலையிடிக்கிறது என்றனர். பயண அலுப்பு, படுங்கள் என்றேன்.

அவ்வேளையில் யாரோ கதவைத் தட்டும் ஓசை கேட்டது. தோட்டத்து லயத்திலிருந்து ஒரு மூதாட்டி, கம்பளியைத் தலைவழியே போர்த்தியவாறு, கையில் ஒரு கேத்தல் தேநீரோடு நின்றார். பிள்ளைகள் நனைந்து வந்ததைக் கண்டு மனம் பொறுக்காமற் போட்டுக் கொணர்ந்தாராம். உள்ளே எட்டிப் பார்த்தவரின் முகம் மாறியது. “ஐயா, மொதல்ல அந்தக் கரிச்சட்டிய வெளியில எடுங்க. கதவைச் சாத்திட்டு இதை உள்ள வச்சா காலையில ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்க. எங்க லயத்துல ஒரு தாயும் புள்ளையும் அப்படித்தான் போனாங்க” என்றார். சட்டியை வெளியே எடுத்தோம். கதவையும் யன்னல்களையும் திறந்தோம். பிள்ளைகளை எழுப்பி வெளியே நிறுத்தினோம். தலையிடி என்ற இருவரில் ஒருவன் வாந்தி எடுத்தான். சிறிது நேரத்தில் இருவரும் தெளிந்தனர். அந்த அம்மையார் இன்னும் அரைமணி நேரம் பிந்தி வந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணும்போது இன்றும் எனக்கு உறக்கம் வருவதில்லை.

விறகோ, கரியோ, எரிவாயுவோ, பெற்றோலோ, எதுவாயினும் போதிய ஒட்சிசன் இன்றி எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணைக் கரிக்கச் செய்வதுமில்லை. புகையாவது இருமலை வருவித்து நம்மை எழுப்பிவிடும். இதுவோ அதையும் செய்யாது. நமது குருதியிலுள்ள ஈமோகுளோபின் என்னும் பொருள் ஒட்சிசனைச் சுமந்து உடலெங்கும் கொண்டு செல்வது. அந்த ஈமோகுளோபினோடு காபனோரொட்சைட்டு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையோடு பற்றிக்கொள்கிறது. சுமக்கும் வண்டிகளெல்லாம் வேறொருவராற் பிடிக்கப்பட்டுவிட்டால் நெல் சந்தைக்கு வருவது எங்ஙனம்? மூளைக்கு ஒட்சிசன் குறைகிறது. முதலில் தலையிடி; பின் தலைச்சுற்றும் குமட்டலும்; பின் சோர்வு. ஏற்கெனவே உறங்குபவர் இவற்றை உணராமலே உயிரிழப்பார்.

இது தோட்டத்து லயத்தில் மட்டும் நேர்வதன்று. 2020ஆம் ஆண்டு தை மாதத்தில், கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா சென்ற எட்டுப்பேர், அவர்களுட் குழந்தைகள் நால்வர், தாமன் என்னும் மலையூர் விடுதியில் எரிவாயுச் சூடாக்கியைப் போட்டுக் கதவடைத்து உறங்கி, மறுநாள் உயிரோடு எழவில்லை. வெப்பநாட்டிலிருந்து மலைக்குச் சென்ற, நம்மைப் போன்றவர்களே அவர்களும். 2024ஆம் ஆண்டு மார்கழியிற் கேரளத்து வடகரையில், வீதியோரம் நிறுத்தப்பட்ட உறைவிட வண்டி ஒன்றில் உறங்கிய இருவர் மாண்டு கிடந்தனர். அங்கே கூதலே இல்லை. குளிரூட்டிக்காக ஓடவிட்ட மின்பிறப்பாக்கியின் புகைவாயு உள்ளே புகுந்ததே காரணம் என்று ஆராய்ந்தோர் கண்டனர். வண்டியின் இயந்திரத்தை ஓடவிட்டு உறங்குவோரும் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். நிறுத்திய வண்டியின் புகைக்குழாயிலே சிறு ஓட்டை இருந்தாலும், பின்னே மண்மேடு அடைத்தாலும், புகை உட்புகும்.

ஆதலின் விதி ஒன்றே. உறங்கும் வண்டிக்குள் எரியும் பொருள் எதுவும் இருத்தலாகாது. உறங்கும்போது இயந்திரமும் ஓடலாகாது. தணற்சட்டி, எரிவாயு அடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு யாவும் வெளியிலேயே. வெந்நீர் வேண்டின் வெளியே, வண்டியை விட்டுத் தள்ளிக் காய்ச்சுங்கள். பலருக்கு ஒருங்கே தலையிடி தோன்றினால், அதை அலுப்பென்று கொள்ளாது, உடனே கதவுகளைத் திறந்து அனைவரையும் வெளியே கொணருங்கள். மயங்கியவர் இருப்பின் 1990 என்னும் இலவச நோயாளர்காவுவண்டிச் சேவையை அழையுங்கள்.

கூதலால் நலிந்தவரையும் அறிந்துகொள்ளல் வேண்டும். நடுங்குதல் உடலின் தற்காப்பு. கடுங்கூதலில் இருப்பவருக்கு நடுக்கம் நின்றுபோய், பேச்சுக் குழறி, தள்ளாடி, உறக்கம் தூங்கினால், அவர் தேறிவிட்டார் என்று எண்ணற்க. அது ஆபத்தின் அறிகுறி. உலர்ந்த உடை அணிவித்து, போர்வையாற் பொதிந்து, மற்றொருவர் உடலோடு அணைத்து வைத்து, விழுங்கக் கூடியவராயின் இனிப்பான சூடான பானம் கொடுத்து, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். குழந்தைகளையும் முதியோரையும் நடுவிலே படுக்கவைத்தல் நன்று. குழந்தையின் முகத்தைப் போர்வையால் மூடலாகாது.

அன்றிரவு நாங்கள் எவ்வாறு கழித்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மூதாட்டி சொன்னபடியே நனைந்தவர்களின் உடையை மாற்றுவித்தோம். லயத்திலிருந்து வெற்றுச் சாக்குகளும் மட்டைகளும் வந்தன. அவற்றைத் தட்டில் விரித்தோம். பிள்ளைகளை மும்மூவராக நெருங்கிப் படுக்கச் செய்து, இரண்டு யன்னல்களை விரலளவு திறந்துவைத்தோம். கூதல் இருந்தது, ஆனால் ஒருவரும் நடுங்கவில்லை. நானும் மற்றோர் ஆசிரியரும் மாறிமாறி விழித்திருந்தோம்.

அம்மக்களின் முன்னோர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன், நம்மைப் போலவே வெயில் காயும் தமிழகச் சமவெளியிலிருந்து, குளிரை அறியாது இம்மலைக்கு வந்தவர்கள். போர்த்துக்கொள்ளக் கொடுத்த கம்பளியின் விலையையும் அவர்களின் கூலியிற் கழித்துக்கொண்ட காலம் ஒன்றிருந்தது. அவர்கள் உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடத்தை, ஒரு கேத்தல் தேநீரோடு எனக்கு இலவசமாகக் கற்பித்தார் அந்த அம்மையார். மூவாயிரம் நாட்களுக்கு மேல் வகுப்பறையிற் கற்பித்தவனுக்கு அது தேவையாயிருந்தது.

மலைக்குச் செல்லுங்கள், பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். நாட்டைக் காணாத கல்வி கல்வியன்று. புறப்படும்போது உலர்ந்த மாற்றுடை, பாய், மட்டை, பொரிவிளாங்காய் இவற்றை மறவாது எடுத்துச் செல்லுங்கள். நெருப்பை மட்டும் வண்டிக்கு வெளியே விட்டுவிடுங்கள்.